கோடு பிசகாத மூட்டு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வந்தால் நான்காவது கடை. கடை என்றால் ஒரு தையல் மிஷின், அகன்ற வெட்டு மேசை, கால் ஒன்று குட்டையான கதிரை, அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது. ஸெய்னுலாப்தீன் நானாவுக்குப் பலகை எதற்கு? மடவளையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் ஆட்கள் சாரத்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே அங்கேதான் வந்து நிற்பார்கள்.

சாரம் மூட்டுவது பெரிய வேலையா என்று கேட்பவர்கள் ஒரு தடவை மூட்டிப் பார்க்க வேண்டும். இடுப்பில் உடுத்துகிற துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் சாரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கட்டம் போட்ட சாரத்தில் குறுக்கே ஓடுகிற கோடுகள் முப்பது நாற்பது இருக்கும். இந்த ஓரத்தில் வந்து நிற்கிற ஒவ்வொரு கோடும் அந்த ஓரத்தில் தன் கோட்டோடு போய்ச் சேர வேண்டும். ஒன்று ஏறினால் எல்லாம் ஏறும். உடுத்தி நடந்தால் பின்னால் வருகிறவனுக்கு முதுகுக்குக் கீழே படிக்கட்டு மாதிரித் தெரியும். ஸெய்னுலாப்தீன் மூட்டிய சாரத்தில் படிக்கட்டு கிடையாது. துணி அப்படியே வட்டமாக நெய்து வந்தது போலிருக்கும்.

பத்து வயதில் வாப்பா மௌத்தாகிப் போக, ஓதல் பள்ளியை விட்டு இறங்கியவர் அவர். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பழைய சாரங்களைப் பிரித்துப் பிரித்து, எங்கே பிசகியிருக்கிறது என்று தானே பார்த்துப் படித்தார். அதனால் அவருக்குக் கொஞ்சம் வாய் நீளம். தைத்த சாரத்தை மேசைமேல் போட்டு, "மூட்டைக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சா சாரம் ஒங்களுக்குச் சும்மா" என்பார். ஒருவரும் சும்மா கொண்டுபோனதில்லை.

இந்தப் பந்தயத்தில் விடாப்பிடியாகத் தோற்றுக்கொண்டிருந்தவர் செல்லச்சாமி. கட்டுகஸ்தோட்டை ஸ்டேஷனில் சரக்குப் பகுதிக் கிளார்க். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சாரம் மூட்டுவார். தைத்து முடிந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, கவிழ்த்து, அரைமணி நேரம் தேடுவார்.

"நானா, இதுல மூட்டே இல்லீங்க. தைக்காமலே குடுத்து ஏமாத்துறீங்க."

"அப்ப உடுத்திக்கிட்டு ஆத்துல எறங்கிப் பாருங்க, வெளங்கும்."

"எறங்கி அவுந்துச்சுன்னா மகாவலி என் மானத்தக் கொண்டு போயிரும்."

இப்படிப் பன்னிரண்டு தீபாவளி.

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஸெய்னுலாப்தீனின் இரண்டு கண்ணிலும் படலம் விழுந்தது. முதலில் விளக்கைச் சுற்றிப் புகை வட்டம். பிறகு நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் போனது. மனைவி ஆஸியா உம்மா ஊசியில் நூலைக் கோத்துக் கோத்துத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைப்பாள். கோத்தது அவள் என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்து ஸலாம் சொன்ன பிறகுதான், "போதும், டாக்டர்ட்ட போவம்" என்றாள்.

கண்டி வாவிக்கு மேலே மேட்டில், வீட்டோடு சேர்ந்த மண்டபத்தில் ஆறு கட்டில் போட்டுக் கண் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், மழை விட்ட ஒரு மாதத்தில், வலது கண்ணை அவர் அறுத்தார். மருந்துத் துளி விட்டதில் வலி இல்லை. கத்தி நடமாடுவது மட்டும் நிழலாகத் தெரிந்தது. முடிந்ததும் இரண்டு கண்ணையும் கட்டி, தலையின் இரு பக்கமும் மணல் பை வைத்து, டாக்டர் சொன்னார்:

"கறுப்பு முழியின்ரை மேல் ஓரத்திலை கீறிப் படலத்தை எடுத்தாச்சு. இனி ஒன்பது நாளைக்கு அசையக் கூடாது. இருமக் கூடாது, முக்கக் கூடாது, குனியவே கூடாது."

"தையல் எத்தனை டாக்டர்?"

"தையல் ஒண்டும் இல்லை. வெட்டின வாய் தானா ஒட்டும்."

ஸெய்னுலாப்தீனுக்கு அது பொறுக்கவில்லை. "வெட்டிட்டுத் தைக்காம உட்டீங்களா?" என்றார். வாழ்நாளில் வெட்டிய எதையும் தைக்காமல் விட்டதில்லை அவர்.

மறுநாள் பள்ளிவாசல் லெப்பை வந்து, நோயாளி படுத்தபடியே தொழலாம், தலையை அசைக்க முடியாவிட்டால் இமையால், அதுவும் முடியாவிட்டால் மனத்தால் போதும் என்று விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார். ஸெய்னுலாப்தீன் கேட்டுக்கொண்டார். ஆனால் உள்ளே ஒரு வீம்பு. காய்ச்சலில் கிடந்தபோதும் நின்று தொழுதவர். நோயாளிக்குத்தானே சலுகை? கண்ணில் ஒரு கீறலுக்கு நோயாளி என்று பெயரா?

நாலாம் நாள் விடியுமுன் ஸுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்வது பட்டணத்துப் பக்கமிருந்து மெல்லக் கேட்டது. கட்டிலடியில் ஆஸியா உம்மா அசையாமல் படுத்திருந்தாள். அவர் மணல் பைகளை மெதுவாக நகர்த்தி எழுந்து உட்கார்ந்தார். சுவரைத் தடவிக் கிப்லாத் திசையைக் கணக்குப் பிடித்துக்கொண்டு, இரண்டு ரக்அத்தையும் முழுசாகத் தொழுதார். நாலாவது ஸுஜூதில் நெற்றி மெத்தையில் பட்டபோது கட்டுக்குள்ளே ஏதோ இளஞ்சூடாக நழுவியது போலிருந்தது. மறுபடி படுத்து, பைகளை இழுத்து வைத்துக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கட்டு அவிழ்த்தபோது வெளிச்சம் வெள்ளமாக வந்தது. தடித்த கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு டாக்டர், "இது தற்காலிகக் கண்ணாடி. புண் நல்லா ஆறினாப் பிறகுதான் சரியான அளவு தெரியும். மூண்டு மாதத்திலை வாரும்" என்றார். ஸெய்னுலாப்தீன் போகவில்லை. ஆட்டை ஆடாகவும் ஆளை ஆளாகவும் பார்க்க முடிகிறது, இனி டாக்டர் எதற்கு? வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடத் தீபாவளிக்குச் செல்லச்சாமி பச்சையும் பழுப்பும் கலந்த பெரிய கட்டம் போட்ட துணி கொண்டு வந்தார். மூட்டி முடிந்ததும் வழக்கம் போல மேசையில் போட்டு, "கண்டுபிடிங்க" என்றார் ஸெய்னுலாப்தீன்.

செல்லச்சாமி சாரத்தை எடுத்தார். ஒரு தடவை திருப்பினார். மடித்தார்.

"எங்கங்க நானா தெரியுது. ஒங்க கைக்கு முன்னால நம்ம கண்ணெல்லாம் எந்த மூலைக்கு?"

கூலியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸெய்னுலாப்தீன் மிஷின் சக்கரத்தில் கை வைத்தபடியே இருந்தார். பன்னிரண்டு வருடம் அரைமணி நேரம் ஏசிவிட்டுப் போகிற மனிதர். தைக்கவே இல்லை என்பார், பேய் தைத்தது என்பார். இன்று புகழ்ந்துவிட்டல்லவா போகிறார்!

வீட்டுக்கு வந்ததும், அன்று தைத்த இன்னொரு சாரத்தை ஆஸியா உம்மாவின் மடியில் போட்டார். "பாரு."

அவள் வாசலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நேரம் எடுத்தாள்.

"சொல்லு புள்ள."

"குத்துக்கோடு நேரா ஈக்கி. குறுக்குக்கோடு ரெண்டு நூல் ஏறி ஈக்கி."

இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். பத்து வயதுப் பையன் தைத்தாலும் கால் அங்குலம் பிசகாது. அவர் அந்தச் சாரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தடவிக்கொண்டே இருந்தார். விரலுக்கு நூல் தெரியும், நிறம் தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. பகல் தொழுகைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே பாயில் படுத்து, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலில் நிமிர்ந்த கம்பி ஆறு, அவற்றைக் கோத்துக்கொண்டு குறுக்குப் பட்டை இரண்டு. நிமிர்ந்த கம்பிகள் எண்ணி எடுக்கிற மாதிரித் தெரிந்தன. பட்டைகள் கஞ்சியில் நனைந்த நூல் போலக் கலங்கியிருந்தன. அலுத்துப்போய் ஒருக்களித்துப் படுத்தார். கன்னம் தலையணையில் பட்டது. பட்டைகள் இரண்டும் பளிச்சென்று வந்துவிட்டன. இப்போது கம்பிகள் கலங்கிவிட்டன.

எழுந்து உட்கார்ந்தார், பட்டை போனது. தலையைத் தோளில் சாய்த்தார், பட்டை வந்தது. இப்படி நாலைந்து தடவை. உள்ளே வந்த ஆஸியா உம்மா, காக்கை பார்ப்பது மாதிரித் தலையைச் சரித்துச் சரித்து யன்னலைப் பார்க்கும் புருஷனைக் கண்டு நின்றுவிட்டாள்.

"என்ன செய்றீங்க?"

"கோளாறு துணியில இல்ல, கையிலயும் இல்ல. கண்ணு ஒரு பக்கம் தொய்ஞ்சு ஈக்கி. வா, கண்டிக்குப் போவம்."

டாக்டர் ஏரம்பமூர்த்தி கண்டிக்கவில்லை. வண்டிச் சில்லின் ஆரக்கால் மாதிரிக் கோடுகள் வரைந்த அட்டையைச் சுவரில் மாட்டி, எது கறுப்பு, எது மங்கல் என்று கேட்டார். நிமிர்ந்த கோடு கறுப்பு, கிடைக்கோடு மங்கல். பிறகு விளக்கைப் பிடித்துக் கண்ணைக் கிட்ட வந்து பார்த்தார்.

"மேல் ஓரத்துப் புண் விரிஞ்சு ஆறியிருக்கு. கொஞ்சம் தொய்யிறது எல்லாருக்கும் உள்ளது. இது மெத்தக் கூட. படுத்திருக்கேக்கை ஏதும் செய்தனீரோ?"

"ஒன்டும் செய்யல்ல."

பின்னாலிருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, ஆஸியா உம்மா சொன்னாள்: "நாலாம் நாள் ஸுபஹுக்கு எழும்பித் தொழுத. ஸுஜூது நாலும் செஞ்ச."

ஸெய்னுலாப்தீன் திரும்பிப் பார்த்தார். "நீ தூங்கின தானே?"

"தூங்கின மாதிரிக் கிடந்த. அல்லாவுக்குக் குனியிற மனிசன நான் என்ன சொல்லி நிப்பாட்ற?"

டாக்டர் மேசையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். விளங்கச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஸெய்னுலாப்தீன் முந்திக்கொண்டு அந்தக் கோப்பையை இழுத்து, மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, தோளிலிருந்த லேஞ்சித் துணியை அதன் வாயில் இறுக்கிப் பிடித்தார்.

"இது கண்ணு. துணி எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பா ஈக்கி. இப்ப மேல் ஓரத்தில கத்தரி போட்டா என்ன நடக்கும்? மேலுக்கும் கீழுக்கும் ஈந்த இழுப்பு போகும். பக்கவாட்டு இழுப்பு அப்பிடியே நிக்கும். அதனாலதான் ஒரு கோடு தெரியிது, ஒரு கோடு தெரியல்ல. சரியா, பிழையா?"

டாக்டர் கோப்பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சீமைப் புத்தகத்திலை இதுக்கு மூண்டு பக்கம் எழுதியிருக்கினம். நீர் ஒரு லேஞ்சியிலை காட்டிப்போட்டீர்."

உலகத்தில் படித்துத் தெரிந்தவன் பாதி, வெட்டித் தெரிந்தவன் மீதி. சொன்னால் படித்தவர்களுக்குக் கோபம் வரும். டாக்டருக்கு வரவில்லை, அதுதான் அவருடைய பெருமை.

ஒரு பக்கம் மட்டும் வளைவு கூடிய கண்ணாடியை எழுதிக் கொடுத்தார். அது வந்ததும் குறுக்குக்கோடு பாதி தேறியது. மீதி, துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக் குண்டூசி குத்திச் சமாளித்தார். ஆனால் மிஷினில் துணி ஒரே வழியாகத்தான் ஓடும். அங்கே தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் தைக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டது. அக்குறணை ஆட்கள் சிலர் பாலத்துக்கு அப்பால் முஹ்ஸின் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கட்டம் போட்ட துணியை அவரே, "வேற எடத்தில குடுங்க" என்று திருப்பி அனுப்பினார். வெறும் வெள்ளைச் சாரம் மூட்டுகிறவனாக ஆகிவிட்டார். அதைவிட அவருக்கு அவமானம் வேறில்லை. இனி நம்பிக்கை இடது கண்மேல்தான். அதையும் இப்போது படலம் முழுசாக மூடிவிட்டது, அறுக்கத்தான் வேண்டும்.

முப்பத்து மூன்றில் மறுபடி போனார். போகும்போதே ஒரு யோசனையோடு போனார்.

"டாக்டர், இந்தக் கண்ணை மேல வெட்ட வாணாம். பக்கத்தில, காதுப் பக்கமா வெட்டுங்க."

"ஏன் காணும்?"

"பக்கத்தில வெட்டினா பக்கத்து இழுப்புத் தொய்யும். அப்ப குத்துக்கோடு கலங்கும். கலங்கட்டும். குத்துக்கோடு எனக்கு வாணாம், குறுக்குக்கோடுதான் சோறு போட்ற. ஒரு கண்ணு அதப் பாக்கட்டும், ஒரு கண்ணு இதப் பாக்கட்டும்."

கணக்கில் பிழை இல்லை. ஆனால் டாக்டர் தன் மேல் இமையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மேலை வெட்டினா இந்த இமை புண்ணுக்கு மேலை போர்வை மாதிரிக் கிடக்கும். பக்கத்திலை வெட்டினா இமை திறக்கிற நேரமெல்லாம் புண் வெளியாலை நிக்கும். தூசி போகும், சீழ் பிடிக்கும். கோடு கலங்கினாக் கண்ணாடி போடலாம். கண் சீழ் பிடிச்சா என்னத்தைப் போடுறது?"

ஸெய்னுலாப்தீன் யோசித்தார். "அப்ப மேலயே வெட்டுங்க. ஆனா விளிம்பு உட்டு வெட்டுங்க. ஓரத்துக்கு மிச்சம் கிட்ட வெட்டினா எந்தத் துணியும் பிரியும்."

"ஓம், அதைத்தான் நானும் நினைச்சனான். இந்த முறை ஒரு மயிரிழை பின்னுக்கு, வெள்ளை முழியோரமா வெட்டுவன். வெள்ளைத் தோலிலை ஒரு மடிப்பை இழுத்துப் புண்ணை மூடி, ஒரு தையலும் போடுறன். சந்தோசமோ?"

"என்ன நூல்?"

"பட்டு."

"என்ன நிறம்?"

"கறுப்பு. வெட்டி எடுக்கேக்கை தெரிய வேணுமே."

"கறுப்பு நல்லம்" என்று அனுமதி கொடுத்தார் ஸெய்னுலாப்தீன். "முடிச்ச இறுக்கிப் போடுங்க."

"என்ரை பாதி வேலை அவ்வளவுதான். மிச்சப் பாதி உம்மடை. குனிஞ்சீரோ, கறுப்புப் பட்டும் காப்பாத்தாது."

இந்த ஒன்பது நாள் அவர் மரப்பலகை போலக் கிடந்தார். இமையாலும் தொழக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மனத்தாலேயே தொழுதார். மனத்துக்குள் நின்று, மனத்துக்குள் குனிந்து, மனத்துக்குள் ஸுஜூது செய்தார். நின்று தொழுததைவிட இது கஷ்டமாக இருந்தது என்று பிறகு லெப்பையிடமே சொன்னார். ஆஸியா உம்மா இந்தத் தடவை தூங்குவது போலப் பாவனை செய்யவில்லை. ஸுபஹு நேரத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். செல்லச்சாமி ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்தார். வந்தவரிடம் டாக்டர், சிரிக்க வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், அவருக்குப் பேச்சே வரவில்லை. கடைசியில் அன்றன்று வண்டியில் ஏற்றிய சரக்குப் பட்டியலை ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"மாத்தளைக்கு அரிசி நாப்பது மூடை. உப்பு பதினெட்டு. கருவாடு ஆறு."

"செல்லச்சாமி, கருவாட்ட உட்டுட்டுச் சொல்லுங்க. சிரிப்பு வருது."

"கருவாட்டுல என்னங்க சிரிப்பு?"

"பேசாம போங்க மனிசா."

இந்தத் தடவை மூன்று மாதம் என்றால் மூன்று மாதம், ஒரு நாள் பிசகாமல் போய் நின்றார். ஆரக்கால் அட்டையில் இடது கண்ணுக்குக் கோடுகள் ஏறக்குறைய ஒரே கறுப்பு. "கொஞ்சம் தொய்வு இருக்கு, கண்ணாடியிலை அடங்கும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கண்ணாடி கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை. வந்த அன்று அதைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். கட்டம் போட்ட துணி ஒன்றும் கையில் இல்லை. யாரும் கொண்டு வருவதை நிறுத்திப் பல நாளாயிற்று. பார்ப்பதற்குக் கோடில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழும் நேரம். ஆற்றில் குளித்துவிட்டு, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு செல்லச்சாமி கடை வாசலைக் கடந்து போனார். இடுப்பில் பச்சையும் பழுப்பும் கலந்த பெரிய கட்டச் சாரம்.

"செல்லச்சாமி, நில்லுங்க."

நின்றார்.

"திரும்புங்க. அப்பிடியே. கொஞ்சம் இடப் பக்கம்."

"என்னங்க நானா, ரோட்டுல வச்சு."

ஸெய்னுலாப்தீன் எழுந்து வரவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விரலை நீட்டினார். "அந்தா. மூட்டு அங்க ஈக்கி. குறுக்குக்கோடு ரெண்டு நூல் ஏறி ஈக்கி. ஒவ்வொரு கோடும் ஏறி ஈக்கி."

சொல்லிவிட்டு மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தன் பிழையைக் கண்டு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்தத் தெரு கண்டிருக்காது. ரொட்டிக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஒங்களுக்கு அன்டைக்கே தெரியும்" என்றார் ஸெய்னுலாப்தீன்.

செல்லச்சாமி துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெரியும்ங்க. எடுத்த ஒடனே தெரிஞ்சுச்சு."

"ஏன் சொல்லல்ல? பந்தயத்தில வென்டீங்களே."

"பன்னண்டு வருசமாத் தேடினேன். கெடைச்சப்ப வேணாம்னு இருந்துச்சு."

ஸெய்னுலாப்தீன் கத்தரியை எடுத்துக்கொண்டு, "கழட்டித் தாங்க. பிரிச்சுச் சரியா மூட்டித் தாறன்" என்றார்.

"அதெல்லாம் நடக்காதுங்க" என்று செல்லச்சாமி சாரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கட்டுகஸ்தோட்டையில ஸெய்னுலாப்தீன் நானாவோட மூட்டக் கண்டுபிடிச்சவன் நான் ஒருத்தன்தான். அதுக்கு அத்தாட்சி இது. பிரிச்சுட்டா எவன் நம்புவான்?"

"அப்ப நீங்க தந்த கூலிக் காசத் திருப்பி வாங்கிட்டுப் போங்க. பந்தயம் பந்தயம்தான்."

"தீபாவளிக்குப் புதுத் துணி கொண்டு வரேன். சின்னக் கட்டமாப் பாத்து. அதுல காட்டுங்க ஒங்க வீரத்த."

"எவ்வளவு சின்னதா ஈந்தாலும் கொண்டு வாங்க."

செல்லச்சாமி ரயில்வே லயின் வீடுகள் பக்கமாக நடந்தார். பின்னாலே, இரண்டு நூல் ஏறிய கோடுகள் ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டேஷன் வளைவு வரைக்கும், ஒரு கோடும் கலங்காமல், ஸெய்னுலாப்தீன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.